ரத்தம் கூடினால் நல்லதுதானே?

கேள்வி: வயது 47. ஹோர்மோன் குறைவுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை டெஸ்டொஸ்டெரோன் ஈனாந்தேட் ஊசி போடுகிறேன். ஆறு மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 17.9, பி.சி.வி. 53. ரத்தம் கூடினால் நல்லதுதானே? டெஸ்டொஸ்டெரோன் ஒருமுறை 1,050, மறுமுறை 290 என்று வருகிறது. லேப் பிழையா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: நல்லதில்லை. டெங்குக் காலத்தில் கேட்டுப் பழகிய அதே பி.சி.வி.தான் இது. ரத்தத்தில் செங்குழியம் எத்தனை வீதம் என்ற கணக்கு. ஆண்களுக்கு 40 முதல் 50 வரை வழக்கம். டெஸ்டொஸ்டெரோன், செங்குழியத்தை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபொயட்டினைக் கூட்டும், இரும்புச்சத்தைப் பூட்டி வைக்கும் ஹெப்சிடினைக் குறைத்து அதையும் அவிழ்த்துவிடும். செங்குழியம் பெருகப் பெருக ரத்தம் தடிக்கும், குழாயில் உறைந்து அடைக்கவும் கூடும். 54ஐத் தாண்டினால் டொக்டர் ஊசியை நிறுத்தி, எண் இறங்கிய பிறகு குறைந்த அளவில் தொடங்குவார். உங்களுக்கு ஒரு புள்ளிதான் மிச்சம்.

ஆனால் வேளாண்மை வெட்டு வெயிலில் நின்றுவிட்டு, மறுநாள் தண்ணீரும் குடிக்காமல் ரத்தம் கொடுத்தாலும் பி.சி.வி. ஏறித்தான் காட்டும். முதல் நாள் நன்றாகத் தண்ணீர் குடித்து இன்னொரு முறை எடுங்கள். அப்போதும் 53 என்றால் அடுத்த ஊசிக்கு முன்பே டொக்டரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பார், அல்லது பாதிப் பாதியாகக் கிழமைக்கு ஒன்று போடச் சொல்வார். சிகரெட்டும், குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வரும் தூக்கமும் இதே எண்ணை ஏற்றும், இருந்தால் மறைக்காதீர்கள். ரத்ததான முகாமில் ஒரு பை கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். இறங்கும்தான். ஊசி அளவு மாறாவிட்டால் திரும்ப ஏறும். நடுவில் ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்புதான் கரையும்.

டெஸ்டொஸ்டெரோன் எண்ணுக்கு லேப்பைக் குறைசொல்ல வேண்டாம். ஊசி போட்ட இரண்டு மூன்று நாளில் அது உச்சத்தில் இருக்கும், 14ஆம் நாள் அடியில் கிடக்கும். ஏழாம் நாள் எடுங்கள்; டெசிலீற்றருக்கு 350 முதல் 600 நனோகிராம் வரை இருந்தால் போதும். நனோமோலில் தந்தால் 28.8ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஜெல் பூசுகிறவர்கள் பூசிய கையில் ரத்தம் கொடுக்கக் கூடாது. தோலில் ஒட்டிய மருந்தும் கலந்து எண் எகிறிவிடும்.

விதைகளை வேலை செய்யத் தூண்டும் மூளை ஹோர்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச். அடியோடு இறங்குவது எதிர்பார்த்ததே. விந்தணுவும் குறையும், ஆகவே இன்னும் பிள்ளை வேண்டுமென்றால் இப்போதே சொல்லுங்கள். புரோஸ்டேட் சுரப்பியைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. முதல் வருடத்துக்குள் 1.4க்கு மேல் கூடினாலோ, 4ஐத் தாண்டினாலோ சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணரிடம் போக வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.