நுழைவாயிலில் நாய்ச் சண்டை: வேலியை உயர்த்தலாமா?

நாய்களை அவிழ்த்துவிட்டு ஓடவிடும் வேலியிட்ட மைதானத்தின் வாயிலில் சண்டை மூண்டால், வேலியை உயர்த்திப் பயனில்லை. இரட்டைக் கதவு வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஆறடிக்கு ஆறடி இடம் விட்டு, அங்கேயே சங்கிலியைக் கழற்றிய பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும்.

சங்கிலியில் இருக்கும் நாயால் விலகி ஓட முடியாது. அவிழ்த்துவிட்ட நாய்கள் சூழ்ந்துகொண்டு மோப்பம் பிடித்ததும் அது மிரண்டு, வாலை ஒடுக்கிப் பல்லைக் காட்டுகிறது. பெரும்பாலும் சண்டை தொடங்குவது இப்படித்தான்.

செலவழிப்பதற்கு முன் ஒரு மாலை வேலியோரம் நின்று கவனியுங்கள். பெஞ்சும் தண்ணீர்த் தொட்டியும் வாயிலருகே இருக்கின்றனவா? கூட்டம் அங்கேதான் மொய்க்கும். முதலில் அவற்றைத் தள்ளி வையுங்கள், அதற்குக் காசு தேவையில்லை. வாயில் மூலையில் இருந்தால் அதையும் மாற்றுவது நல்லது.

ஆனால் சண்டை மைதானத்தின் நடுவில் மூண்டால் கதவு உதவாது. அதற்குச் சிறிய நாய்களுக்கெனத் தனி அடைப்பு வேண்டும்.