பருப்பு சாப்பிட்டால் தையல் சீழ் பிடிக்குமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 24 வயது. முதல் குழந்தை, சிசேரியன், பெண் குழந்தை. பிறந்து 22 நாள் ஆகிறது. குடியாத்தம் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். காலையில் இரண்டு இட்லி, மதியமும் ராத்திரியும் பூண்டு ரசம் சாதம், சுட்ட அப்பளம், இதுதான் சாப்பாடு. பருப்பு, முட்டை, மீன் எது சாப்பிட்டாலும் தையல் சீழ் பிடிக்கும் என்கிறார் அம்மா. தண்ணீர் நாளைக்கு மூன்று டம்ளர், அதுவும் சுக்கு வெந்நீர். இந்தக் கத்திரி வெயிலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஃபேன் இல்லாமல் இருக்கிறேன். தலை சுற்றுகிறது, சிறுநீர் போகும்போது எரிகிறது. பால் பற்றவில்லை என்று மாமியார் பவுடர் டின் வாங்கி அனுப்பிவிட்டார். போன வாரம் ஆம்பூரிலிருந்து வந்த பிரியாணியில் ஒரு வாய் சாப்பிட்டேன், அன்றைக்கு ராத்திரி முழுக்கக் குழந்தை அழுதது, அதிலிருந்து வீட்டில் யாரும் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ஹீமோகுளோபின் 9.4 என்று போட்டிருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, அதனால் நிறுத்திவிட்டேன். என் சின்ன நாத்தனாரும் இதே ஊரில்தான் இருக்கிறாள், அவளுக்கு நாலு மாதம், யாருக்கும் தெரியாமல் அடுப்புச் சாம்பல் தின்கிறாள். அவளுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: சாப்பாட்டுப் பேச்சு அப்புறம், முதலில் அந்த எரிச்சல். சிசேரியன் என்றால் சிறுநீர் போக டியூப் வைத்திருப்பார்கள், அந்த வழியாகக் கிருமி தொற்றுவது உண்டு. அதோடு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர் என்றால் கிருமியை அடித்துக்கொண்டு போகவும் ஆள் இல்லை. நாளைக்குக் காலையிலேயே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் யூரின் டெஸ்ட் கொடுங்கள், கூடவே ரத்தமும் பார்த்துவிடுங்கள். பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய ஆன்டிபயாடிக் மருந்துகள் இருக்கின்றன, அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், "பால் கொடுக்கிறேன்" என்று அங்கே ஒரு வார்த்தை சொன்னால் போதும். குளிர் காய்ச்சல் வந்தால், தீட்டு நாற்றமடித்தால், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்துபோகிற அளவுக்கு ரத்தம் போனால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், தையல் சிவந்து நீர் கசிந்தால், இதில் எது இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள், ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சரி, தண்ணீர். உங்கள் அம்மா மேல் எனக்குக் கோபமில்லை, என் அம்மாவும் இதே வேலையைத்தான் செய்தார். பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு தொப்பை போட்டுவிடும், தாய்க்குக் குளிர்ச்சியானால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பது கணக்கு. கர்ப்பப்பை சுமார் ஆறு வாரத்தில் தானாகச் சுருங்கி இடத்துக்குப் போய்விடும், அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் கிடையாது. சளி வைரஸால் வருகிறது, தாய்ப்பால் வழியாக இறங்குவதில்லை. பால் நன்றாக ஊறிவிட்ட தாய் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் போலப் பால் தருகிறாள், அந்தப் பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது எங்கிருந்து வரும்? வேலூர் வெயிலில் சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கே நாக்கு உலர்கிறது, நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வியர்த்துக்கொண்டே பாலும் கொடுக்கிறீர்கள், தலை சுற்றாமல் என்ன செய்யும்? பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர், மோர், கஞ்சி, இளநீர் எல்லாம் கணக்கில் சேரும். சிறுநீர் வைக்கோல் நிறத்துக்கு வருகிற வரைக்கும் குடிக்க வேண்டும், அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அர்த்தம். ஃபேனைப் போடுங்கள், ஜன்னலைத் திறங்கள், குழந்தைக்கு நேராகக் காற்று அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி தையல். சீழ் பிடிப்பது கிருமியால். தையல் இடம் ஈரமாகவே இருந்தால், அழுக்குத் துணி பட்டால், சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் பிடிக்கும். பருப்பால் பிடிக்காது. வெட்டின தோலும் சதையும் ஒட்டுவதற்குப் புரதம் வேண்டும், அந்தப் புரதம் பருப்பு, முட்டை, மீன், கறியில்தான் இருக்கிறது. அதாவது தையல் ஆற எது வேண்டுமோ அதைத்தான் தையல் பேரைச் சொல்லி உங்களுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். இந்தப் பத்தியம் எப்படி வந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் பிள்ளை பெற்ற பெண்கள் ஜன்னி கண்டு செத்துப்போனார்கள், கிருமி கண்ணுக்குத் தெரியாது, முந்தின நாள் தின்ற மீன் குழம்பு தெரியும், பழி அதன் மேல் விழுந்திருக்கும். இது என் யூகம்தான்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. ஏழாம் மாதம் வளைகாப்புக்கு எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம் என்று வரிசையாகக் கட்டிக்கொண்டு வந்து ஊட்டுகிறோம், "ரெண்டு உயிருக்குச் சாப்பிடு" என்கிறோம். பிள்ளை பிறந்த மறுநாள் தட்டில் ரசம் சாதம். கணக்கு நேர்மாறாக இருக்க வேண்டும். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கர்ப்பிணிக்குக் கூடுதலாக நாளைக்கு 350 கலோரி என்கிறது, பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் கூடுதலாக 600 கலோரி. வயிற்றில் இருந்தபோது சாப்பிட்டதைவிட இப்போதுதான் நீங்கள் அதிகம் சாப்பிட வேண்டும்.

600 கலோரி என்றதும் பயந்துவிடாதீர்கள். மூன்று கைப்பிடி மாவில் கிளறிய ஒரு களி உருண்டை, ஒரு அவித்த முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி மல்லாட்டை (வேர்க்கடலை), முடிந்தது கணக்கு. வழக்கமான சாப்பாட்டோடு இதைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் வட ஆற்காட்டுக்காரர்கள் களியைக் கேவலமாக நினைக்க ஆரம்பித்தது எப்போது என்று தெரியவில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. எனக்குப் பிரசவமாகி பதினைந்தாம் நாள், அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த என் பெரியம்மா ரசம் சாதத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நொய்யை வேகவிட்டு மாவைக் கொட்டித் துடுப்பால் கிளறி, உருண்டை பிடித்து, நடுவில் குழி பண்ணி முருங்கைக்கீரைக் கடைசலை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். "டாக்டருக்குப் படிச்சிருக்க, சொன்னா கேக்க மாட்டியா, முழுங்கு" என்றார். முழுங்கினேன். என் தையலும் ஆறத்தான் ஆறியது. முருங்கைக்கீரையை ராத்திரியில் சாப்பிடக்கூடாது என்பதற்கும் மருத்துவத்தில் காரணம் ஒன்றும் இல்லை, செரிமானத்துக்கு உங்களுக்கு எது ஒத்துக்கொள்கிறதோ அந்த வேளையில் சாப்பிடுங்கள்.

பூண்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பூண்டுக் குழம்பு நன்றாகவே இருக்கும், சாப்பிடுங்கள். ஆனால் பால் ஊறுவதற்கு அதை மட்டும் நம்பாதீர்கள். பால் சுறாப் புட்டு கேட்டு மெட்ராஸ் வரைக்கும் ஆளனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். சுறா மற்ற மீனைத் தின்று வளர்கிற மீன், வயதாக ஆகப் பாதரசம் உடம்பில் சேரும். கர்ப்பத்தில் வேண்டவே வேண்டாம், இப்போதும் அதைத் தேடிப் போக அவசியமில்லை. மத்தி, நெத்திலி, ஏரிக் கெண்டை போதும், விலையும் குறைவு.

பால் ஊறுவதற்கு உண்மையான மருந்து குழந்தையின் வாய். சப்பச் சப்பத்தான் மூளை பால் சுரக்கச் சொல்லும், மார்பு காலியாகக் காலியாகத்தான் நிரம்பும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை, ராத்திரியும் சேர்த்து. டின்னைத் திறந்து ஒரு பாட்டில் கொடுத்தால் குழந்தை இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கும், அந்த வேளைக்கு மார்பு சும்மா இருக்கும், அடுத்த நாள் அந்த அளவு பால் குறையும், அப்புறம் "பார், பால் இல்லை" என்று இன்னொரு பாட்டில். இப்படித்தான் வற்றிப்போகிறது. பால் பற்றுகிறதா என்று அழுகையை வைத்துச் சொல்ல முடியாது, சாயங்கால வேளையில் எல்லாக் குழந்தையும் அழும். துணி நனைகிறதா என்று பாருங்கள், நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போனால் பால் போகிறது. அப்புறம் எடை. பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்கும், இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும். நாளைக்கு நீங்கள் போகும்போது குழந்தையையும் தூக்கிக்கொண்டுபோய் எடை போடுங்கள், எடை ஏறியிருந்தால் டின்னைப் பிரிக்காமலேயே மாமியாருக்குத் திருப்பி அனுப்பலாம். ஏறவில்லை என்றால் நீங்கள் பால் கொடுக்கும் விதத்தை அங்கேயிருக்கிற நர்ஸைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள், காம்பு மட்டும் வாயில் இருந்தால் போதாது, கறுப்பு வட்டத்தில் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். அப்படியும் போதவில்லை என்று குழந்தை மருத்துவர் சொன்னால் அது வேறு பேச்சு.

ஆறு மாதம் வரைக்கும் குழந்தைக்குத் தண்ணீர்கூட வேண்டாம், வெயிலானாலும். சங்கில் உரை மருந்து, சர்க்கரைத் தண்ணீர், தேன், தெருவில் கூவிக்கொண்டு வருகிற கழுதைப்பால், ஒன்றும் வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்குமே ஆகாது.

இப்போது பிரியாணி விவகாரம். ஒரு வாய் பிரியாணி சாப்பிட்டுக் குழந்தை ராத்திரி அழுதது என்றால், சாப்பிடாத ராத்திரிகளில் எத்தனை நாள் அழுதது என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். நீங்கள் சாப்பிடுவதன் ருசி பாலில் லேசாக இறங்கும் என்பது உண்மை, அது கெடுதல் இல்லை, வீட்டுச் சாப்பாட்டின் ருசிக்குக் குழந்தை இப்போதே பழகிக்கொள்கிறது. காரம் உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள். தொட்டுக்கொள்ள வந்த கத்திரிக்காயும் கிரந்தி (தோலில் அரிப்பு, தடிப்பு உண்டாக்குவது) இல்லை. நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்தாயிற்று, பிள்ளை பெற்றவள் மட்டும் ஏன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? ஒன்று மட்டும் கவனியுங்கள், குழந்தையின் மலத்தில் ரத்தம் கலந்து வந்தாலோ உடம்பெல்லாம் தடிப்பாக வந்தாலோ நீங்களாக ஒவ்வொன்றையும் நிறுத்திக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இரும்பு மாத்திரையை இன்றைக்கே மறுபடி ஆரம்பியுங்கள். மலம் கறுப்பது உடம்பு எடுத்துக்கொண்டதுபோக மிஞ்சின இரும்பால், பயப்பட ஒன்றுமில்லை. பிரசவத்தோடு இந்த மாத்திரை முடிவதில்லை, அதற்கப்புறம் 180 நாள் சாப்பிட வேண்டும் என்பதுதான் அரசாங்கத் திட்டத்திலேயே இருக்கிறது. 9.4 என்பது ரத்தசோகை, நாளைக்கு எடுக்கிற டெஸ்டில் இன்னும் குறைந்திருந்தால் மாத்திரையைக் கூட்டுவார்கள், இல்லாவிட்டால் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். கால்சியம் மாத்திரையும் கொடுத்திருப்பார்கள், இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள், ஒன்று மற்றதை உள்ளே விடாது. இரும்பு மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்கு டீயும் காபியும் வேண்டாம், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ கூட இருந்தால் நல்லது. பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று கிலோ கணக்கில் வாங்குகிறார்கள், 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. கறி சாப்பிடுகிற வீடானால் கறிக்கடையில் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) கேட்டு வாங்கி நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், அந்தப் பழைய வழக்கம் சரியான வழக்கம். அப்புறம், கர்ப்ப காலத்தில் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் வந்திருக்கும், அதிலிருந்த பேரீச்சையையும் நெய்யையும் வீட்டில் யார் சாப்பிட்டார்கள் என்று ஒருமுறை விசாரியுங்கள். அங்கன்வாடி சத்துமாவு பால் கொடுக்கும் தாய்க்கும் உண்டு, அதை மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

லேகியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் இருக்கும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம் போட்டு வீட்டில் கிளறியது என்றால் சுண்டைக்காய் அளவு சாப்பிடலாம். என்ன சேர்த்தது என்று தெரியாத பஸ்பம், செந்தூரம் எதுவும் வேண்டாம், ஈயமும் பாதரசமும் அதில் கலந்திருக்கலாம்.

நாத்தனார் சாம்பல் தின்பதைத் திட்டாதீர்கள். சாம்பல், மண், பச்சரிசி, விபூதி என்று மனசு அலைவது பெரும்பாலும் உடம்பில் இரும்பு குறைந்ததன் அடையாளம், ரத்தம் ஏறினால் பலருக்கு அந்த ஆசை தானாகவே போய்விடுகிறது. நாலாம் மாதம் என்றால் இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் ஒரு பூச்சி மாத்திரையும் கொடுப்பார்கள், சர்க்கரைக்குக் குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்ப்பார்கள், அதை ஆறு ஏழாம் மாதத்தில் இன்னொரு தடவையும் பார்க்க வேண்டும். வாந்தி இன்னும் இருந்தால் மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்லுங்கள். பழுத்த பப்பாளி சாப்பிடலாம், பால் வடிகிற காய்தான் வேண்டாம். குங்குமப்பூவால் நிறம் வராது, அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம். நாளைக்கு ஆட்டோ பிடிக்கும்போது அவளையும் ஏற்றிக்கொண்டு போங்கள், இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ரத்தம் பார்த்துவிடலாம்.