தாய்ப்பால் கொடுக்கும்போது மனச்சோர்வு மாத்திரை சாப்பிடலாமா?

கேள்வி: தலைப்பிரசவத்துக்கு வந்த என் மகள், குழந்தை பிறந்து ஏழு வாரமாகியும் காரணமில்லாமல் அழுகிறாள். குழந்தை தூங்கும்போதுகூட அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. மனநல மருத்துவர் செர்ட்ரலின் 50 மி.கி. எழுதிக் கொடுத்தார். பாலில் கலந்து குழந்தைக்குப் போகும் என்று உறவினர்கள் பயமுறுத்தியதால் நான்கே நாளில் நிறுத்திவிட்டோம். மாத்திரையா, தாய்ப்பாலா? சம்பந்தி வீட்டில் சொல்லலாமா?

பதில்: மாத்திரையும் வேண்டும், தாய்ப்பாலும் வேண்டும் அம்மா. பாலூட்டும் தாய்க்கு நாங்கள் முதலில் எழுதும் மருந்துகளில் செர்ட்ரலின் ஒன்று. பாலில் இறங்கும் அளவு சொற்பம். பெரும்பாலான குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தால் தென்படாது, தென்பட்டாலும் மிகக் குறைவே. குறைமாதக் குழந்தை என்றால் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நான்கு நாளில் பலன் தெரியாது. முதல் வாரத்தில் குமட்டலும் தலைவலியும்தான் எட்டிப் பார்க்கும். மனம் தெளிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். தெளிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். எழுதிக் கொடுத்தவரிடமே கேட்டு மறுபடி தொடங்குங்கள். பிரசவமான மூன்றாம், நான்காம் நாள் வரும் அழுகை இரண்டு வாரத்தில் தானாக அடங்கும். உங்கள் மகளுடையது அதுவல்ல, மனச்சோர்வு.

வேடிக்கை என்னவென்றால், இந்த மாத்திரைக்குப் பயப்படும் வீடுகளே மருந்துக்கடையில் ‘தூக்கத்துக்கு ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்டு வாங்குகின்றன. அல்பிரசோலம், டயசிபாம் எல்லாம் பழக்கமாகிவிடும். குழந்தையும் மந்தமாகிப் பால் குடிக்காமல் தூங்கும். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று அட்டையிலேயே சிவப்புக் கட்டமிட்டு அச்சிட்டிருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

அடுத்த கூட்டம், ‘தாய்மை கவுன்சலிங் பேக்கேஜ்’ விற்பவர்கள். பேச்சு சிகிச்சை நல்லது, லேசான சோர்வுக்கு அதுவே போதும். ஆனால் பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்டு, ‘மாத்திரையை நிறுத்தினால்தான் சேர்ப்போம்’ என்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

செர்ட்ரலின் விஷயத்தில் ஒரே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கல்லூரிக் காலத்திலோ கல்யாணத்துக்கு முன்போ, சில நாள் தூக்கமே இல்லாமல், களைப்பும் தெரியாமல், ஓயாமல் பேசி, பணத்தை வாரி இறைத்த காலம் உங்கள் மகளுக்கு இருந்ததா? நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது இருந்ததா? இருந்தால் அது இருதுருவ நோயாக, அதாவது அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் ‘பைபோலார்’ நோயாக இருக்கலாம். அப்போது செர்ட்ரலினை மட்டும் கொடுத்தால் சோர்வு போய் அந்த அதீத உற்சாகம் கிளம்பிவிடக்கூடும். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். ‘குழந்தையை மாற்றிவிட்டார்கள்’, ‘காதில் குரல் கேட்கிறது’ என்று பேசினால் அது வேறு நோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். குழந்தையைத் தனியே அவளிடம் விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்று அவள் சொன்னாலும் அன்றைக்கே. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) இலவச எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.

பிரசவத்தை ஒட்டி வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் 1987 முதல் இருக்கின்றன. தமிழிலும் இருக்கின்றன, ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு பரிசோதனையிலும் கர்ப்பிணியின் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் எழுதுகிறோம். ‘மனசு எப்படி இருக்கிறது?’ என்று கேட்க மட்டும் நேரமில்லை. குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆறாவது வாரம் வந்திருப்பீர்களே, அன்றைக்கு உங்கள் மகளின் முகத்தை யாராவது நிமிர்ந்து பார்த்தார்களா?

சம்பந்தி வீட்டு விஷயம்: முதலில் மகளைக் கேளுங்கள். சரி என்றால் அடுத்த முறை மாப்பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அவரே விளக்கட்டும். அன்றைக்கே தைராய்டு பரிசோதனையும் செய்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் அது கெட்டாலும் இதே சோர்வு வரும்.