தட்டிக் கேட்பது

அன்புள்ள ஐயா,

கோவையில் சிறிய பட்டறை வைத்து 11 ஆண்டுகளாகக் கையால் கிட்டார் செய்துவருகிறேன். எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில், கிட்டார் எப்படி உருவாகிறது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும்படி அழைத்திருக்கிறார்கள். 35 பிள்ளைகள், 40 நிமிடம். கிட்டாரின் வரலாற்றிலிருந்து தொடங்கி 40 ஸ்லைடுகள் தயாரித்திருக்கிறேன். பிள்ளைகள் எதையும் தொட வேண்டாம், கைகட்டி உட்கார்ந்து பார்க்கட்டும் என்று வகுப்பாசிரியை சொல்லிவிட்டார். எட்டு வயதில் இதெல்லாம் புரியுமா என்ற தயக்கமும் எனக்கு இருக்கிறது. உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் சொல்ல வேண்டுமா? வீணை இருக்கும்போது கிட்டார் எதற்கு என்று ஒரு பெற்றோர் கேட்டாராம். இந்த 40 நிமிடத்தை எப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் தஞ்சாவூர் வீணைப் பட்டறை ஒன்றைப் பற்றிய சிறுவயது நினைவை எழுதிப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தேன். எழுத முடியாமல் நின்ற இடம் எதுவோ அதைத்தான் உங்கள் ஆசிரியையின் ஒரு வாக்கியம் தொட்டது என்பதால் உடனே பதில் எழுதுகிறேன்.

சிறியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். தந்திகளைத் தாங்கும் குதிரை, சுரத்துக்காக விரல் பதிக்கும் மெட்டு, தந்தி என்று வீணைக்காரர்கள் வைத்த பெயர்கள் கிட்டாருக்கும் பொருந்தும். மற்றவற்றை உங்கள் பட்டறையில் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே சொல்லுங்கள். அந்தப் பெற்றோரிடம், முன்பு கிட்டார்களுக்குப் பயன்பட்ட பிரேசில் ரோஸ்வுட் மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992இல் தடை செய்யப்படுவதற்கு முன்பிருந்தே உலகின் நல்ல கிட்டார்களுக்குப் பின்பலகையும் பக்கப்பலகையும் பெருமளவில் தென்னிந்திய ஈட்டி மரத்திலிருந்துதான் செய்யப்படுகின்றன என்று சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு இதற்கு மேல் நேரம் தர வேண்டியதில்லை.

‘புரியுமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். 11 ஆண்டுகளாக மரத்தோடு பழகும் ஒருவர் இப்படிக் கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் மரத்தைப் புரிந்துகொண்டது ஸ்லைடு பார்த்தா? அந்த 40 ஸ்லைடுகளையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். திரையில் தெரியும் கிட்டார் படத்துக்கும் சோப்பு விளம்பரத்துக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன வேறுபாடு?

நான் நான்காம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளிக்கு ஒரு வீணை வித்வான் வந்தார். மர பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எங்களைத் தரையில் வரிசையாக உட்காரவைத்து, ‘கையைக் கட்டு, வாயில் விரலை வை’ என்றார்கள். முக்கால் மணிநேரம் அப்படியே இருந்தோம். அவர் வாசித்த ராகமோ அவருடைய முகமோ இன்று என் நினைவில் இல்லை. முழங்காலில் ஏறிய எறும்பைத் தட்டிவிடக் கையை எடுக்கலாமா கூடாதா என்று தவித்தது மட்டும் அப்படியே இருக்கிறது. ஒலியைக் கேட்கக் கூட்டிவந்த பிள்ளைகளின் கைகளைக் கட்டிப்போட்ட அந்தக் காரியத்தை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அதே ஆண்டு கோடை விடுமுறையில், பெரியம்மாவின் வீணையில் மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்துவிட்டதால், அவற்றை மறுபடி மெழுகில் பதித்து மேளம் கட்டுவதற்காகச் சித்தப்பா தஞ்சாவூருக்குக் கொண்டுபோனபோது என்னையும் அழைத்துச் சென்றார். பட்டறையில் ஆசாரி வேறொரு வீணையின் குடத்தை மூடும் பலாப் பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். நாலைந்து தடவை இழைப்பார், பலகையின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, நடுவில் விரல் முட்டியால் தட்டிக் காதருகே கொண்டுபோவார், மறுபடி இழைப்பார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னை அவர்தான் அருகே அழைத்தார். பலகையைத் தானே பிடித்துக்கொண்டு என்னைத் தட்டச் சொன்னார். தட்டினேன். பிறகு என் எதிரிலேயே சுருள் சுருளாகச் சீவித் தள்ளிவிட்டு மறுபடி நீட்டினார். “இப்பத் தட்டு தம்பி. முன்ன பேசுன மாதிரியே பேசுதா?”

குரல் கீழே இறங்கியிருந்தது. மெலிந்தால் குரல் கூர்மையாகும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். “எறங்கிடுச்சு” என்றேன். “அதான். மெலிய மெலிய வெறைப்பு போயிடும், கொரலு தாழும்” என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைத் தொடர்ந்தார். எடை குறைவதைவிட விறைப்பு பல மடங்கு வேகமாகக் குறைவதால் அப்படி ஆகிறது என்ற கணக்கைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது, அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியாக இருந்தது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கிட்டாரின் மேற்பலகைக்கு நீங்கள் எடுக்கும் ஸ்ப்ரூஸ் மரத்தில் இரண்டு பலகைகள் கொண்டுபோங்கள். ஒன்று இன்னும் இழைக்காத ஐந்து மில்லிமீட்டர் பலகை, மற்றது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாக இழைத்த, அடியில் சட்டங்கள் இன்னும் ஒட்டாத மேற்பலகை. 35 பிள்ளைகளும் இரண்டையும் தட்ட வேண்டும். வரிசையில் முதல் ஐந்து பேர் தட்டினால் போதும், மற்றவர்கள் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தன் முட்டி பட்டு எழுந்த ஒலியைக் கேட்பதும் அடுத்தவன் தட்டியதைக் கேட்பதும் ஒன்றாகாது. கடைசி வரிசையில், எதற்கும் கை தூக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் தட்ட வேண்டும். அந்தப் பிள்ளைக்காகத்தான் நீங்கள் போகிறீர்கள்.

பள்ளியில் இசைக்கவை, அதாவது தட்டினால் ஒரே சுரம் எழுப்பும் கவட்டை வடிவ உலோகக் கருவி, இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தட்டிக் காற்றில் பிடித்தால் பக்கத்துப் பிள்ளைக்குக்கூடச் சரியாகக் கேட்காது. அதன் காம்பை மேற்பலகையில் ஊன்றிய அந்த நொடியில் வகுப்பு முழுவதும் கேட்கும். அந்தக் கவையைப் போலத் தந்தியும் தனியாக இருந்தால் ஊமை, பேசுவது பலகைதான் என்பதற்கு அதற்குமேல் ஒரு சொல் விளக்கமும் தேவையில்லை. வரலாறு சொல்லியே ஆக வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: ஸ்பெயினின் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தெ தோர்ரெஸ் 1862இல், பின்புறத்தையும் பக்கங்களையும் காகிதக்கூழால் செய்து மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்து ஒரு கிட்டார் செய்தார், கிட்டாரின் குரல் முக்கியமாக மேற்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக. அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காகிதக்கூழில் முகமூடியும் கிண்ணமும் செய்த பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி தூக்கத்திலும் மறக்காது.

உட்சட்டங்கள் எதற்கு என்று கேட்பார்கள். எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் இழுக்கின்றன. மூன்று பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி, இந்த மூவரின் எடை அளவுக்கு இந்த மெல்லிய பலகை தாங்க வேண்டும் என்று காட்டிவிட்டு, சட்டம் ஒட்டிய வேறொரு மேற்பலகையைத் திருப்பி, அதன் உட்புறம் பெருக்கல் குறி போல் ஒட்டியிருக்கும் சட்டங்களை விரலால் தடவச் சொல்லுங்கள்.

ஆசிரியையின் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. உளியும் ரம்பமும் பெட்டியிலேயே பூட்டியிருக்கட்டும். நனைத்த பக்கப்பலகையைச் சூடான குழாயில் வளைக்கும்போது பிள்ளைகள் பத்தடி தள்ளியே நிற்கட்டும். ஆவியும் மரத்தின் மணமும் அங்கேயும் வந்து சேரும். வளைந்த பலகை ஆறியதும் அவர்கள் கைக்குப் போக வேண்டும். மரத்துண்டும் உப்புத்தாளும் யாரையும் வெட்டாது. இவற்றை அவரிடம் முன்கூட்டியே, பணிவாக, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அதன் பிறகும் கைகட்டித்தான் உட்கார வேண்டும் என்றால், நான் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

40 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது என்றுதான் கேட்டிருந்தீர்கள். முழுக் கிட்டாரைக் கடைசிப் பத்து நிமிடம் வரை உறையிலிருந்து எடுக்காதீர்கள். எடுத்ததும் பாட்டு எதையும் வாசித்துக் காட்ட வேண்டாம். தடித்த தந்தியை ஒருமுறை மீட்டி, அது அடங்குவதற்குள் ஒரு பிள்ளையின் உள்ளங்கையைப் பின்பலகையில் வையுங்கள். பிறகு அடுத்த பிள்ளைக்காக மறுபடி மீட்டுங்கள். 35 முறை மீட்டப் பத்து நிமிடம் போதாது, ஆகவே அடுத்த பாடவேளையையும் தலைமையாசிரியையிடம் இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.