தளர்ந்த இதயத்தை ஏன் மெதுவாக்குகிறார்கள்? – கடிதம்

வணக்கம்,

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து இரண்டு மாதம் ஆகிறது. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் திறன் 32 சதவீதம்தான். மெட்டோப்ரோலால் தருகிறார்கள். நாடித்துடிப்பு 58க்கு இறங்கிவிட்டது. மாடிப்படி ஏறினால் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார். ஏற்கெனவே தளர்ந்த இதயத்தை இன்னும் மெதுவாக்கும் மாத்திரை எதற்கு? நிறுத்திவிடலாமா என்று அப்பாவே கேட்கிறார்.

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மெட்டோப்ரோலால் பீட்டா பிளாக்கர் வகை மருந்து. அதைத் திடீரென்று விட்டால், அதுவரை தடுக்கப்பட்டிருந்த, இதயத்தை விரட்டும் அட்ரினலின் ஹார்மோன் மொத்தமாக இதயத்தைத் தாக்கும். நெஞ்சுவலி, இன்னொரு மாரடைப்பு வரை போகலாம். விட வேண்டியிருந்தாலும் மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார்.

உங்கள் சந்தேகம் மருத்துவர்களுக்கே வெகுகாலம் இருந்தது. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் 1960களில் இதே வகை மருந்தான ப்ரோப்ரனலாலைக் கொண்டுவந்தது நெஞ்சுவலிக்காக. 1988இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் இதயம் தளர்ந்தவர்களுக்கு இந்த வகை மருந்தைத் தரவே கூடாது என்றுதான் பாடம் நடத்தினார்கள். 1975இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டீனும் சகாக்களும் அப்படிப்பட்ட 7 பேருக்குத் துணிந்து கொடுத்து, பலனும் கண்டார்கள். உலகம் நம்புவதற்கு இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. 1999இல் வெளியான சிபிஸ்-2 ஆய்வில் 2,647 நோயாளிகள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 17.3 சதவீதம் பேர் இறந்தார்கள், பிசோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கர் எடுத்தவர்களில் 11.8 சதவீதம் பேர். எத்தனை குடும்பங்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இதயம் தளரும்போது உடல் பதறிப்போய் அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் சுரக்கிறது. சில நாளைக்கு அது தாங்கிப் பிடிக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால், களைத்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்திக்கொண்டே இருப்பது போலத்தான். தசை செல்கள் சாகின்றன, இதய அறை விரிந்துகொண்டே போகிறது. இந்த மருந்து அந்தக் குத்தைத் தடுக்கிறது. இன்னொன்று, இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது சுருங்கும்போது அல்ல, சுருங்கி முடித்து ஓய்வெடுக்கும்போதுதான் போகிறது. துடிப்பு குறைந்தால் அந்த இடைவெளி நீளும்.

சரி, அப்பாவுக்கு ஏன் சோர்வு? தொடக்கத்தில் இதயத்தின் சுருங்கும் வேகம் உண்மையிலேயே கொஞ்சம் குறையும். அதனால்தான் சின்ன அளவில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்துக் கூட்டுகிறார்கள். பலருக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு பம்பிங் ஏறத் தொடங்குகிறது.

மாரடைப்புக்குப் பின் பம்பிங் இயல்பாக இருப்பவர்களுக்கு இந்த மருந்தால் பெரிய லாபமில்லை என்று 2024இல் ஓர் ஆய்வு வந்தது. வாட்ஸ்அப்பில் யாராவது அதை அனுப்பலாம். 32 சதவீதத்துக்கு அது பொருந்தாது.

தலைசுற்றல் இல்லையென்றால் 58க்குப் பயப்பட வேண்டாம். 50க்குக் கீழே போனாலோ, மயக்கம் வந்தாலோ, மூச்சிரைப்பு கூடினாலோ, காலில் வீக்கத்தோடு எடை மளமளவென்று ஏறினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அவருக்கு வீசிங் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவராக இருந்தால், சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும். வியர்வை மறையாது, அதைக் கவனியுங்கள்.

சோர்வையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் கூட்டும் வேகத்தைக் குறைக்க அவருக்கு வழி இருக்கிறது. அடுத்த எக்கோ எடுத்ததும் எனக்கு எழுதுங்கள்.