எழுத்துக் கட்டளையில் இயங்கும் புரொஜெக்டர்கள்: பி.ஜே.லிங்க் பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கல்லூரி வகுப்பறைகளில் வெவ்வேறு நிறுவனங்களின் புரொஜெக்டர்கள் உள்ளன. அனைத்தையும் ஒரே கணினியிலிருந்து இயக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஜப்பானின் அலுவலக இயந்திர, தகவல் அமைப்புத் தொழில்துறைச் சங்கம் (ஜே.பி.எம்.ஐ.ஏ.) 2005-இல் வகுத்த பி.ஜே.லிங்க் (PJLink) நெறிமுறை இந்தத் தேவைக்காகவே உருவானது. புரொஜெக்டரின் ஐ.பி. முகவரியில் டி.சி.பி. போர்ட் (வலை இணைப்புக்கான எண்ணிட்ட வாயில்) 4352-உடன் இணைந்து, ஒரு வரி எழுத்தை அனுப்பினால் போதும். முதலில் சதவீதக் குறி, அடுத்து நெறிமுறையின் வகுப்பை (class) குறிக்கும் 1, பிறகு நான்கு ஆங்கில எழுத்துகளில் கட்டளையின் பெயர், ஓர் இடைவெளி, கடைசியாக மதிப்பு என்பதே அந்த வரியின் அமைப்பு. பவர் கட்டளையுடன் 1 அனுப்பினால் புரொஜெக்டர் இயங்கும். 0 அனுப்பினால் அணையும். கேள்விக்குறி அனுப்பினால் தன் நிலையைத் தெரிவிக்கும். ஆனால் கீஸ்டோன் திருத்தம் (சரிந்து தெரியும் படத்தை நேராக்குதல்), லென்ஸ் நகர்வு போன்றவை இந்தப் பொது நெறிமுறையில் இல்லை. அவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் கட்டளைகளையே நாட வேண்டும்.

கேள்வி: பவர் கட்டளைக்கு 'ஓகே' என்று பதில் வருகிறது. உடனே இன்புட்டை (படம் வரும் இணைப்பை) மாற்றினால் 'பிழை 3' வருகிறது. கருவி பழுதா?

பதில்: பழுதில்லை. 'ஓகே' என்பது கட்டளை ஏற்கப்பட்டது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. வேலை முடிந்துவிட்டதாக அதற்குப் பொருளில்லை. 'பிழை 3' என்றால், கட்டளை சரியானதே, ஆனால் இந்த நேரத்தில் அதை நிறைவேற்ற இயலாது என்று பொருள். பவர் நிலையைக் கேட்டால் நான்கு பதில்களில் ஒன்று வரும்: 0 என்றால் காத்திருப்பு, 1 என்றால் இயக்கம், 2 என்றால் குளிர்தல், 3 என்றால் சூடேறுதல். நீங்கள் இன்புட் கட்டளையை 3-ஆம் நிலையில் அனுப்பியிருக்கிறீர்கள்.

பலரும் இதற்கு முப்பது நொடி, நாற்பது நொடி என்று ஒரு காத்திருப்பை நிரலில் எழுதிவிடுகிறார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. விளக்கின் வகை, அதன் வயது, முன்பு எப்போது அணைக்கப்பட்டது என்பவற்றைப் பொறுத்து அந்த நேரம் மாறும். சில நொடிகளுக்கு ஒருமுறை நிலையைக் கேட்டு, 1 என்று பதில் வந்த பிறகே அடுத்த கட்டளையை அனுப்புவதுதான் முறை. இன்னொன்றையும் கவனியுங்கள்: முப்பது நொடி எந்தக் கட்டளையும் வராவிட்டால் புரொஜெக்டர் இணைப்பைத் துண்டித்துவிடலாம் என்பதால், துண்டிக்கப்பட்டால் மீண்டும் இணையும் வசதி நிரலில் இருக்க வேண்டும்.

மற்றப் பிழைகளைப் பொறுத்தவரை, 1 என்பது அறியாத கட்டளை, 2 என்பது எல்லைக்கு வெளியே உள்ள மதிப்பு, 4 என்பது புரொஜெக்டரிலேயே கோளாறு. இவற்றில் நேரில் போய்ப் பார்க்க வேண்டியது கடைசி ஒன்றை மட்டுமே.

கேள்வி: டெல்நெட்டில் (வலைவழி எழுத்துக் கட்டளை அனுப்பும் நிரலில்) தட்டச்சு செய்து சோதிக்கும்போது ஒழுங்கற்ற பதில்கள் வருகின்றன. ஏன்?

பதில்: வரியின் முடிவைப் பாருங்கள். பி.ஜே.லிங்க் எதிர்பார்ப்பது கேரேஜ் ரிட்டர்ன் (CR) என்னும் ஒரே வரிமுடிவுக் குறியை. டெல்நெட் நிரல்கள் பெரும்பாலும் அதனுடன் லைன் ஃபீட் (LF) என்னும் புதுவரிக் குறியையும் சேர்த்தே அனுப்பும். சில கருவிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. சிலவோ அடுத்த கட்டளையின் முதல் எழுத்தாக அதை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: கடவுச்சொல் வைத்தால் பாதுகாப்பு போதுமா?

பதில்: ஓரளவே. கடவுச்சொல் வைத்த புரொஜெக்டர், இணைந்த உடனே ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். அந்த எண்ணை முன்னும் கடவுச்சொல்லைப் பின்னுமாகச் சேர்த்து, எம்.டி.5 (MD5) என்னும் சுருக்கக் கணக்கீட்டு முறையில் கணக்கிட்டுக் கிடைக்கும் 32 எழுத்துகளை முதல் கட்டளையின் முன்னால் ஒட்டி அனுப்ப வேண்டும். இதனால் கடவுச்சொல் அப்படியே வலையில் செல்வதில்லை. ஆனால் எம்.டி.5 இன்று வலுவான முறையன்று. அதைத் தொடர்ந்து செல்லும் கட்டளைகளும் மறையாக்கம் இல்லாமலேயே செல்கின்றன. எனவே இக்கருவிகளைத் தனி வி-லேனில் (நெட்வொர்க்கில் பிரித்து வைத்த தனிப் பகுதியில்) வைத்து, கட்டுப்பாட்டுக் கணினிக்கு மட்டும் 4352 போர்ட்டைத் திறந்துவிடுங்கள். மாணவர்களின் வைஃபையிலிருந்து அவற்றை எட்டவே முடியாதிருப்பது எந்தக் கடவுச்சொல்லையும்விட மேல்.

கேள்வி: இதே நிரலால் பி.டி.இசட். கேமராவையும் (தொலைவிலிருந்தே திருப்பவும் சாய்க்கவும் பெரிதாக்கவும் கூடிய கேமரா) திருப்ப முடியுமா?

பதில்: முடியாது. அவற்றில் பரவலாக உள்ள விஸ்கா நெறிமுறை, எழுத்துகளால் அன்றி பைட்டுகளால் ஆனது; ஒவ்வொரு செய்தியும் பதினாறடிமான எண்முறையில் எஃப்.எஃப். (FF) என்னும் மதிப்பில் முடியும். தனி நிரல் தேவை.

கேள்வி: இரவில் அணைத்த புரொஜெக்டர் காலையில் பதிலே தருவதில்லை.

பதில்: அதன் அமைப்புகளில் காத்திருப்பு நிலையிலும் நெட்வொர்க் இயங்குவதற்கான தெரிவு இருக்கும். மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு அது அணைக்கப்பட்டிருந்தால், புரொஜெக்டரின் நெட்வொர்க் பகுதியும் சேர்ந்து உறங்கிவிடும்.

கேள்வி: வடிகட்டியைத் துடைக்க வேண்டிய நேரத்தை நேரில் போகாமல் அறியலாமா?

பதில்: அறியலாம். பிழை நிலையைக் கேட்டால் ஆறு இலக்கங்கள் வரும். அவை முறையே விசிறி, விளக்கு, வெப்பநிலை, மூடி, வடிகட்டி, மற்றவை. ஒவ்வொன்றிலும் 0 நலம், 1 எச்சரிக்கை, 2 பிழை. ஐந்தாம் இலக்கம் 1 ஆனவுடன் துடைத்துவிட்டால், மூன்றாம் இலக்கம் 2 ஆகி வகுப்பின் நடுவே புரொஜெக்டர் அணைவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். விளக்கு எரிந்த மணி நேரத்தையும் கேட்டுப் பெறலாம். அதற்கு 'பிழை 1' என்று பதில் வந்தால் திகைக்க வேண்டாம். லேசர் வகைகள் போல, விளக்கே இல்லாத கருவி தரும் முறையான பதில் அது.