மெனோனைட் சபைகளின் ஊழியம் நடைமுறையில் எப்படி நடக்கிறது?

கேள்வி இது: "மெனோனைட் சபைகள் எழுப்புதல் கூட்டம், தெருப் பிரசங்கம் என்று அதிகம் இறங்குவதில்லை என்கிறார்கள். அப்படியானால் ஊருக்குள் அவர்களுடைய ஊழியம் என்னதான்?"

மெனோனைட்டுகள் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். குதிரை வண்டியும் தாடியுமாகப் படங்களில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஆமிஷ் என்ற உறவுப் பிரிவினர். மெனோனைட்டுகளிலும் குதிரை வண்டிக்காரர்கள் உண்டு, ஆனால் சிறுபான்மை. மற்றவர்கள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு காரில்தான் சபைக்கு வருகிறார்கள். இரு பிரிவுக்கும் வேர் ஒன்றுதான். 1525 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் ஒரு வீட்டில் கூடியவர்கள், விவரம் தெரிந்த வயதில் தாங்களே கேட்டு ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார்கள். குழந்தை ஞானஸ்நானத்தைக் கட்டாயமாக்கியிருந்த நகர ஆட்சிக்கு அது பொறுக்கவில்லை. 1527இல் அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தே கொன்றார்கள். 1536இல் கத்தோலிக்கக் குருப்பட்டத்தை உதறிவிட்டு வந்த டச்சுக்காரர் மென்னோ சைமன்ஸின் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது.

கட்டாயத்தால் அடிபட்டவர்கள் என்பதால், உதவி பெறுகிறவர் மேல் நிபந்தனை எதுவும் வைக்கக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறார்கள். உதவி செய்யும் முறையிலோ படு கறார். கனடா, அமெரிக்கச் சபைகளை வைத்துச் சொல்கிறேன்.

தெற்கு ரஷ்யாவில், இன்றைய உக்ரைன் பகுதியில், பட்டினியில் கிடந்தவர்களுக்காக 1920இல் தொடங்கியது மெனோனைட் மத்தியக் குழு. சுருக்கமாக எம்சிசி. 1940களில் வங்காளப் பஞ்சத்தின்போது கல்கத்தாவுக்கும் வந்தது. சபையார் பொருள் நிரப்பி முகாம்களுக்கு அனுப்பும் அதன் நிவாரண வாளியைப் பாருங்கள். மூடியோடு கூடிய 5 கேலன் பிளாஸ்டிக் வாளி, அதாவது சுமார் 19 லிட்டர். உள்ளே குளியல் சோப்பு 4, துணி சோப்பு 4, ஷாம்பு 1, பல் துலக்கி 4, துண்டு 4, அகலப் பல் சீப்பு 2, நகவெட்டி 1, பேண்ட் எய்டு ஒரு பெட்டி, சானிட்டரி நாப்கின் ஒரு பாக்கெட். காலியானதும் அந்த வாளியே தண்ணீர் பிடிக்க உதவும். புதிதாகச் சேர்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான். 'பெரியதாகக் கொடுப்போமே' என்று தடிமனான துண்டு வாங்கினால் மூடி மூடாது. ஷாம்பு பாட்டிலைத் தனி பிளாஸ்டிக் பையில் போடாவிட்டால் வழியில் கசிந்து மொத்தமும் பாழ். பாசத்தில் கூடுதலாக நாலு பொருள் சேர்ப்பதும் தப்பு. முகாமில் ஒரு குடும்பத்து வாளியில் இருப்பது பக்கத்துக் குடும்பத்து வாளியில் இல்லையென்றால் அங்கேயே சண்டை.

கம்பளிக்குப் பதிலாகத் துண்டுத்துணிகளை ஒட்டுத் தைத்து, நடுவில் பாலியஸ்டர் பஞ்சு வைத்து முடிச்சுப் போடும் போர்வை இன்னொரு பெரிய வேலை. அளவு 60க்கு 80 அங்குலம். நான்கைந்து அங்குலத்துக்கு ஒரு முடிச்சு வேண்டும். இடைவெளி கூடினால் இரண்டு சலவையில் பஞ்சு ஒரு மூலைக்குப் போய்க் கட்டி தட்டிவிடும். நுணுக்கமாக ஓட்டுத்தையல் போட்ட அலங்காரப் போர்வை இதுவல்ல. அது ஏலத்துக்குப் போகும், பணம் நிவாரணத்துக்கு வரும். ஒன்டாரியோவின் நியூ ஹாம்பர்க்கில் அந்த ஏலம் 1967இல் தொடங்கியது. தையலே தெரியாதவரும் முடிச்சுப் போடலாம் என்பதால், முடிச்சுப் போர்வை வேலையில்தான் பாட்டி, பேரன், அக்கம்பக்கத்து வீட்டார் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். என்னைக் கேட்டால், இந்த மேசைதான் ஞாயிறு பிரசங்கத்தைவிட அதிகம் பேரைச் சபைக்குள் கொண்டுவருகிறது.

அடுத்தது மெனோனைட் பேரிடர் சேவை. 1950இல் கன்சாஸின் ஹெஸ்டனில் ஒரு ஞாயிறுபள்ளி வகுப்பு சுற்றுலாவில் எழுந்த யோசனை. புயலோ வெள்ளமோ ஓய்ந்ததும் ஒரு குழு மரம் அறுத்து, சேறு வாரிக் கொடுக்கும். ஆனால் இவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது அதற்குப் பிறகு வரும் நீண்ட வீடு கட்டும் வேலை. யாருக்குக் கட்டுவது என்று தாங்களாக முடிவு செய்வதில்லை. உள்ளூர் மீட்புக் குழு பயனாளியைத் தேர்ந்து, பொருளுக்கான பணத்தையும் திரட்டும். இவர்கள் ஆள்பலமும் தொழில் தெரிந்த மேற்பார்வையும் தருகிறார்கள். தன்னார்வலர் ஞாயிறு வந்து சனி கிளம்புவார். சாப்பாடு, தங்க இடம் இலவசம். காலையில் ஒரு சிறு தியானம், பிறகு சுத்தியல்.

வெள்ளத்தில் நனைந்த வீட்டில் அவசரம்தான் எதிரி. சுவரின் ஜிப்சம் பலகையைப் பிய்த்த பிறகு மரச்சட்டம் முழுக்கக் காய வேண்டும். ஈரமானியில் 15 சதவீதத்துக்குக் கீழே வராமல் புதுப் பலகை அடித்தால் சில மாதத்தில் உள்ளே பூஞ்சை பிடித்து எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும். ஆள் வரத்திலும் ஒரு சிக்கல். முதல் இரண்டு வாரம் கூட்டம் அலைமோதும், டிவி கேமரா போனதும் ஆளே இருக்காது. வடக்கே நிலம் பனியில் உறைந்திருக்கும் மாதங்களில் விவசாயிகளும் ஓய்வுபெற்றவர்களும் தெற்கே வந்து அந்த இடைவெளியை நிரப்புகிறார்கள்.

அகதிக் குடும்பத்தைச் சபையே ஏற்பதும் உண்டு. 1979 மார்ச்சில் கனடா அரசோடு இதற்கான முதல் ஒப்பந்தம் போட்டது எம்சிசிதான். வியட்நாம், லாவோஸ் அகதிகள் வந்துகொண்டிருந்த காலம். பொதுவாக 12 மாதப் பொறுப்பு: வாடகை, தளவாடம், மருத்துவ அட்டை, பள்ளிச் சேர்க்கை, ஆங்கில வகுப்பு. மாதக் கணக்கைக் குடும்பத்தோடு உட்கார்ந்து போட்டு, பணத்தை அவர்கள் வங்கிக் கணக்கிலேயே போட வேண்டும். காசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போதெல்லாம் கொடுக்கிற குழு, நல்ல மனதோடுதான் என்றாலும், அவர்களைக் கையேந்த வைக்கிறது. 'சபைக்கு வந்தே ஆக வேண்டுமோ' என்று குடும்பம் தவிப்பதும் சகஜம். வரவேண்டியதில்லை என்று மொழிபெயர்ப்பாளரை வைத்து முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

இவர்கள் உலகுக்குத் தந்த பெரிய கொடை சமரச முறைதான் என்பேன். 1974இல் ஒன்டாரியோவின் எல்மைராவில் இரண்டு இளைஞர்கள் குடிபோதையில் ஒரே இரவில் 22 இடங்களை நாசம் செய்தார்கள். எம்சிசியோடு தொடர்புள்ள நன்னடத்தை அதிகாரி ஒருவர், பாதிக்கப்பட்டவர்களை அந்த இளைஞர்கள் நேரில் சந்தித்தால் என்ன என்று கேட்க, நீதிபதி சம்மதித்தார். இருவரும் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள், நஷ்டஈடும் கொடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த முறையில் நடுவர் முதலில் இரு தரப்பையும் தனித்தனியாகப் பார்ப்பார். இருவரும் மனமுவந்து சம்மதித்தால்தான் சந்திப்பு. என்ன நடந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, எப்படிச் சரிசெய்வது என்று பேசி, ஒப்பந்தத்தை எழுதி, நிறைவேறுகிறதா என்று பின்தொடர்வார்கள். தனிச் சந்திப்பைத் தவிர்த்து நேரே எதிரெதிரே உட்காரவைத்தால் பெரும்பாலும் கெட்டுப்போகும்.

இதே சபைகள் தங்களுக்குள்ளேயே தடுக்கி விழுந்ததும் இங்கேதான். தவறு செய்தவனை முதலில் தனியாகப் போய்ப் பார் என்கிறது பைபிளின் மத்தேயு 18ஆம் அதிகாரம். அண்டை வீட்டுத் தகராறுக்குச் சரி. பாலியல் அத்துமீறலில், பாதிக்கப்பட்ட பெண்ணை அவளைத் துன்புறுத்தியவன் முன்னாலேயே போய் நிற்கச் சொல்வதாக அது முடிகிறது. புகழ்பெற்ற மெனோனைட் இறையியலாளர் ஜான் ஹோவர்ட் யோடர் பெண்களிடம் அத்துமீறிய விவகாரம் பல ஆண்டுகள் மூடிய அறைக்குள்ளேயே கையாளப்பட்டது. அவர் இறந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, 2015இல், அமெரிக்காவின் எல்கார்ட்டில் உள்ள மெனோனைட் செமினரி, அதாவது இறையியல் கல்லூரி, பாதிக்கப்பட்டவர்களிடம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது. இப்போது பல சபைகளில் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கிறது: சிறுவர் வகுப்பில் ஒரு பெரியவர் மட்டும் தனியாக இருக்கக்கூடாது, சிறார் மீதான அத்துமீறல் என்றால் போதகரைத் தாண்டி அரசுக்கு உடனே தகவல் போக வேண்டும். ஒரு சபையைப் பற்றி உங்களுக்கு முடிவெடுக்க வேண்டியிருந்தால், முதலில் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.